ஜாக்கி கூகன் சம்பாதித்த பணம் எங்கே போனது?

குடும்பமாக வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுச் சம்பாதிப்பவர்கள், அதில் தோன்றும் குழந்தையின் பங்கைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் கொண்டுவந்த இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் கலிஃபோர்னியாவும் இதே நோக்கத்தோடு இரண்டு சட்டங்களை இயற்றியது. இது தொடர்பான செய்திகளில் 'கூகன் சட்டம்', 'கூகன் கணக்கு' என்ற பெயர்கள் அடிக்கடி வந்தன. பலருக்கும் அந்தப் பெயர் புரியவில்லை. சட்டத்தை இயற்றியவர் பெயராக இருக்கும் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள்.

உண்மையில் அது ஒரு குழந்தை நட்சத்திரத்தின் பெயர். ஏழு வயதுக்குள் உலகப் புகழ் பெற்று, 23 வயதில் பெற்ற தாயின் மீதே வழக்குப் போட்டவர். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால்தான் அந்தச் சட்டம் ஏன் இப்படி இருக்கிறது, எங்கே பலமானது, எங்கே ஓட்டை என்பது விளங்கும்.

யார் இந்த ஜாக்கி கூகன்?

ஜாக்கி 1914 அக்டோபர் 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் மேடைக் கலைஞர்கள். அப்போது அமெரிக்காவில் பாட்டு, ஆட்டம், கோமாளித்தனம் எல்லாம் கலந்த 'வாட்வில்' என்ற மேடை நிகழ்ச்சிகள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. அப்படி ஒரு மேடையில், லாஸ் ஏஞ்சலிஸின் ஆர்ஃபியம் அரங்கில், அப்பாவோடு சேர்ந்து ஆடிய நான்கு வயதுப் பையனைச் சார்லி சாப்ளின் பார்த்தார். அந்த 1919-ல்தான் சாப்ளினின் முதல் குழந்தை பிறந்து மூன்றே நாளில் இறந்திருந்தது. அந்தத் துக்கத்தோடுதான் அவர் ஒரு நாடோடியும் அநாதைக் குழந்தையும் பற்றிய கதையை யோசிக்கத் தொடங்கினார்.

அந்தப் படம், 'தி கிட்', 1921-ல் வெளிவந்தது. பார்த்தவர்கள் மறக்க முடியாத காட்சி ஒன்று அதில் உண்டு. அநாதை விடுதிக்காரர்கள் பையனை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். அவன் இரண்டு கைகளையும் நீட்டி, வாய் கோணி, கதறுவான். ஊமைப்படம்தான், ஆனாலும் அந்த அழுகை காதில் விழும்.

அந்த அழுகையை வரவழைத்த விதத்தைச் சாப்ளினே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பையன் குஷியாக இருந்தான், எவ்வளவு சொல்லியும் அழவில்லை. அவன் அப்பா, "நான் அழவைக்கிறேன்" என்று தனியாகப் போய்ப் பேசினார். ஒழுங்காக அழாவிட்டால் நிஜமாகவே உன்னை அநாதை விடுதிக்கு அனுப்பிவிடுவோம் என்றார். பையன் அப்படியே உடைந்து அழுதான். கேமரா ஓடியது. முடிந்ததும் சாப்ளின் அவனைத் தூக்கிச் சமாதானப்படுத்தப் போனபோது, அப்பா சும்மா பயமுறுத்தினார் என்று தனக்குத் தெரியும் என்றானாம்.

இதைப் படித்தபின் அந்தக் காட்சியை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. அந்த அப்பா கெட்டவர் அல்ல. மகனுடைய பணத்தை அவர் பத்திரமாகவே பார்த்துக்கொண்டார் என்பதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் பெற்றவர், பாதுகாவலர், வேலை வாங்குபவர் என்று மூன்று இடத்திலும் ஒரே ஆள் நின்றால் என்ன ஆகும் என்பது அந்த ஒரு நாளிலேயே தெரிந்துவிட்டது. இதற்கப்புறம் வரும் சட்டச் சிக்கல் முழுக்க அங்கிருந்துதான் முளைக்கிறது.

புகழ் எப்படிப் பணமானது?

படம் வந்ததும் ஜாக்கியின் முகம் எங்கும் இருந்தது. காதை மூடும் தலைமுடி, பக்கவாட்டில் சாய்ந்த பெரிய தொப்பி, தொளதொள கால்சட்டை. பொம்மை, நோட்டுப் புத்தகம், விசில், வேர்க்கடலை வெண்ணெய் டப்பா என்று எல்லாவற்றிலும் அந்த உருவத்தை அச்சடித்து விற்றார்கள். 1923-ல் மெட்ரோ என்ற திரைப்பட நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தபோது கையெழுத்துக்காக மட்டுமே 5 லட்சம் டாலர் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது எட்டு.

1924-ல் அண்மைக் கிழக்கு நாடுகளின் அகதிகளுக்கு உதவும் அமைப்புக்காக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுற்றுப்பயணம் போனார். உணவு, உடை என்று 10 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள பொருள்கள் சேர்ந்தன. போப்பாண்டவர் பதினோராம் பயஸ் அவரைச் சந்தித்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் வீட்டில் அவருக்குக் கிடைத்த கைச்செலவுப் பணம் வாரத்துக்கு 6 டாலர் 25 சென்ட். இதில் தப்பில்லை, பத்து வயதுப் பையனிடம் லட்சங்களைக் கொடுக்க முடியாதுதான். மீதி எல்லாம் உனக்காகச் சேர்கிறது, பெரியவனானதும் வரும் என்ற நம்பிக்கையோடு அவர் வளர்ந்தார்.

1927-ல் அவருடைய தலைமுடியை வெட்டுவதையே கருவாக வைத்து ஒரு படம் எடுத்தார்கள். குழந்தை முகம் போகப்போக வாய்ப்பும் குறைந்தது. ஆனால் பணம் இருந்தது, அப்பா அதைச் சிக்கனமாக நிர்வகித்தார்.

1935: இரண்டு சம்பவங்கள்

மே மாதம், மெக்சிகோவில் வேட்டைக்குப் போய்விட்டு சான் டியேகோ பக்கம் திரும்பி வரும்போது கார் மலைப்பாதையிலிருந்து உருண்டது. ஜாக்கியின் அப்பா இறந்தார், ஜாக்கியின் நெருங்கிய நண்பரான இளம் நடிகர் ஜூனியர் டர்கினும் இறந்தார். காரில் இருந்தவர்களில் உயிர் பிழைத்தவர் ஜாக்கி மட்டும்தான்.

அந்த அக்டோபரில் அவருக்கு 21 வயது நிரம்பியது. அன்றைய சட்டப்படி மேஜர் ஆகும் வயது அது. தன் பணம் தன் கைக்கு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அப்பாவின் சொத்து அம்மா லில்லியனுக்குப் போயிருந்தது. குடும்பத்தின் கணக்கு வழக்குகளைப் பார்த்துவந்த ஆர்தர் பெர்ன்ஸ்டீன் என்பவரை அம்மா பின்னால் மணந்துகொண்டார். கேட்டபோது இருவரும் கைவிரித்தார்கள்.

1938 ஏப்ரல் 11 அன்று ஜாக்கி நீதிமன்றம் போனார். குழந்தையாக அவர் சம்பாதித்தது 30 லட்சத்திலிருந்து 40 லட்சம் டாலர் வரை என்று மதிப்பிடப்பட்டது. நகை, கம்பளி மேலங்கி, கார் என்று பெரும்பகுதி செலவாகிவிட்டதாகப் புகார்.

அன்றைய சட்டம் யார் பக்கம்?

இங்கேதான் பலர் அதிர்ச்சி அடைகிறார்கள். அம்மாவும் மாற்றாந்தந்தையும் சட்டத்தை மீறவில்லை. அவர்கள் அதை மறைக்கவும் இல்லை. 21 வயதுக்குள் பிள்ளை சம்பாதிப்பதெல்லாம் பெற்றோருக்குத்தான் என்று பத்திரிகைகளிடம் வெளிப்படையாகவே சொன்னார்கள். பையன் கேமரா முன்னால் விளையாடிக்கொண்டிருந்தான், அதை அவன் வேலையாகவே நினைக்கவில்லை என்பதும் அம்மாவின் வாதம்.

சட்டத்தின் தர்க்கத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. மைனர் பிள்ளைக்குச் சோறு, துணி, இருப்பிடம் தருவது பெற்றோரின் கடமை.

2. அந்தக் கடமைக்கு ஈடாக, பிள்ளையின் உழைப்பும் அதிலிருந்து வரும் கூலியும் பெற்றோருக்குச் சேரும். வயலிலும் பட்டறையிலும் குடும்பமே சேர்ந்து உழைத்த காலத்தில் உருவான விதி இது. பிள்ளை கொண்டுவரும் கூலி அவனை வளர்க்கும் செலவைவிட அதிகமாக இருக்காது என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

3. சினிமா அந்த அனுமானத்தைத் தலைகீழாக்கியது. எட்டு வயதுப் பையன் தன்னை வளர்க்க ஆகும் செலவைப்போல நூறு மடங்கு சம்பாதித்தான். ஆனால் கலிஃபோர்னியாவின் சட்டம் மாறாமல் அப்படியே இருந்தது.

4. ஆகவே ஜாக்கி கேட்டது 'என் பணத்தைத் திருடிவிட்டார்கள்' என்ற வழக்கு மாதிரி தெரிந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது அவருடைய பணமே இல்லை. உனக்காகச் சேர்க்கிறோம் என்று சொன்னதை நிரூபிப்பதுதான் அவருக்கு இருந்த ஒரே வழி. அப்பா உயிரோடு இல்லை, எழுத்தில் எதுவும் இல்லை.

வழக்கு 1939-ல் சமரசத்தில் முடிந்தது. மிஞ்சியிருந்தது சுமார் இரண்டரை லட்சம் டாலர். அதில் பாதி, அதாவது 1 லட்சத்து 26 ஆயிரம் டாலர், ஜாக்கிக்கு வந்தது. அந்த ஆண்டே நடிகை பெட்டி கிரேபிளோடு அவருடைய முதல் திருமணமும் முறிந்தது.

1939 சட்டம்: பூட்டு நல்ல பூட்டு, மாட்டிய கதவு தவறு

ஊரே இந்த வழக்கைப் பற்றிப் பேசியது. அதனால் கலிஃபோர்னியா 1939-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதிகாரப்பூர்வமாக அது குழந்தை நடிகர் சட்டம், மக்கள் வாயில் கூகன் சட்டம். அது வேலை செய்த விதம் புரிய, இன்னொரு விஷயம் தெரிய வேண்டும்.

மைனர் போட்ட ஒப்பந்தத்தை அந்த மைனர் நினைத்தால் ரத்து செய்யலாம். இது குழந்தையைக் காக்கும் பொது விதி. ஸ்டுடியோக்களுக்கு இது பெரிய தலைவலி. லட்சக்கணக்கில் செலவழித்து ஒரு குழந்தையை நட்சத்திரமாக்கிய பின் அது வேறு கம்பெனிக்குப் போய்விட்டால்? அதனால் ஒப்பந்தத்தை நீதிபதியிடம் கொண்டுபோய் ஒப்புதல் வாங்கினார்கள். ஒப்புதல் கிடைத்துவிட்டால் ரத்து செய்ய முடியாது.

1939 சட்டம் அந்த இடத்தில்தான் பூட்டை மாட்டியது. ஒப்புதல் கேட்டு வருகிற ஸ்டுடியோவிடம், குழந்தையின் நிகர வருமானத்தில் ஒரு பகுதியை, பாதி வரைகூட, தனியே ஒதுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம். ஸ்டுடியோவுக்குத் தேவையானதைக் கொடுக்கும்போதே குழந்தைக்கு வேண்டியதையும் வாங்கிவிடுவது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

ஆனால் ஒழுகிய இடங்கள் இவை:

1. நீதிமன்றத்துக்கு வராத ஒப்பந்தங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பல ஆண்டு ஒப்பந்தம் போடும் ஸ்டுடியோ முறை பின்னாளில் சிதைந்து, ஒரு படத்துக்கு, ஒரு விளம்பரத்துக்கு என்று ஒப்பந்தங்கள் சுருங்கியபோது யாரும் நீதிபதியைத் தேடிப் போகவில்லை.

2. 'உத்தரவிடலாம்' என்றுதான் இருந்தது, 'உத்தரவிட வேண்டும்' என்று இல்லை.

3. நிகர வருமானம் என்றால் வரி, ஏஜென்ட் கமிஷன், குழந்தையின் செலவு எல்லாம் கழித்தபின் மிஞ்சுவது. கணக்கு எழுதுபவர் பெற்றோர்.

4. எல்லாவற்றையும்விட முக்கியமானது: வருமானம் சட்டப்படி பெற்றோருக்கே என்ற பழைய விதியை யாரும் தொடவில்லை.

உத்தரவு இருந்தும் போன பணம்

இந்தச் சட்டம் இருந்தும் என்ன நடக்கும் என்பதற்கு ஷெர்லி டெம்பிள் சாட்சி. 1935 முதல் 1938 வரை நான்கு ஆண்டுகள் அமெரிக்காவில் வசூலில் முதலிடத்தில் இருந்த நட்சத்திரம் ஒரு சிறுமி. அவளுடைய வயதில் ஒரு வருடத்தைக் குறைத்தே வெளியில் சொல்லிவந்தார்கள். தன் உண்மை வயது அவளுக்கே பின்னால்தான் தெரிந்தது.

திருமணமாகி, நடிப்பை விட்டு, 22 வயதில் கணக்குப் பார்த்தபோது, சம்பாதித்த 32 லட்சம் டாலரில் மிஞ்சியது 44 ஆயிரம் டாலர். நீதிமன்ற உத்தரவுப்படி தனியே போட வேண்டிய தொகையை அவருடைய அப்பா போடவே இல்லை. போட்டாரா என்று யாரும் பார்க்கவும் இல்லை. ஷெர்லி வழக்குப் போடவில்லை. பின்னாளில் கானாவிலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் அமெரிக்கத் தூதராகப் பணியாற்றினார். அவர் மனம் பெரியது என்பதற்காக நடந்தது சரியாகிவிடாது.

தொலைக்காட்சிக் காலத்திலும் கதை மாறவில்லை. நடிகர் கேரி கோல்மன் தன் பெற்றோர் மீதும் மேலாளர் மீதும் 1989-ல் வழக்குப் போட்டு, 1993-ல் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் டாலர் பெற்றார். கூகன் சட்டம் வந்து அரை நூற்றாண்டு கழித்து!

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஜாக்கி வழக்குப் போட்ட அதே 1938-ல்தான் அமெரிக்க மத்திய அரசு குழந்தைத் தொழிலாளர் முறையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் திரைப்பட, நாடகக் குழந்தை நடிகர்களுக்கு விலக்கு அளித்தது. அதனால் இந்த விஷயம் முழுக்க மாநிலங்களின் கையில் விழுந்தது. ஒரு மாநிலத்தில் பாதுகாப்பு, பக்கத்து மாநிலத்தில் ஒன்றுமில்லை என்ற இன்றைய நிலைக்கு இதுவே காரணம்.

2000-ல் என்ன மாறியது?

முன்னாள் குழந்தை நடிகர் பால் பீட்டர்சன் 1990-ல் குழந்தைக் கலைஞர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவரைப் போன்றவர்களும் நடிகர் சங்கமும் விடாமல் போராடியதன் பலனாக, திருத்தப்பட்ட சட்டம் 2000 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது.

1. குழந்தை கலைத்துறையில் சம்பாதிப்பது குழந்தைக்கே சொந்தம். அறுபது ஆண்டு தாமதமாக வந்த வரி இது, ஆனால் வந்தது.

2. மொத்தச் சம்பளத்தில் 15 சதவீதம் தனிக் கணக்குக்குப் போக வேண்டும். செலவு கழித்தபின் அல்ல, எடுத்த எடுப்பிலேயே.

3. அந்தப் பணத்தைப் போட வேண்டியவர் சம்பளம் கொடுக்கும் நிறுவனம். பெற்றோரின் கைக்கு அது வருவதே இல்லை.

4. கணக்கு பூட்டிய கணக்கு. 18 வயது ஆகும்வரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் எடுக்க முடியாது, அந்தக் குழந்தைகூட எடுக்க முடியாது. இதுதான் செய்திகளில் வரும் 'கூகன் கணக்கு'.

5. ஒப்பந்தம் நீதிமன்றத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் இது பொருந்தும். கூட்டத்தில் ஒருவராக நின்றுவிட்டுப் போகும் துணை நடிகர்களுக்கு மட்டும் விலக்கு.

என்னைக் கேட்டால் இதில் மூன்றாவதுதான் உயிர்நாடி. நல்ல பெற்றோரா கெட்ட பெற்றோரா என்ற கேள்வியையே அது தேவையற்றதாக்கிவிட்டது.

சரி, மீதி 85 சதவீதம்? ஒரு குழந்தை ஒரு லட்சம் டாலர் சம்பாதித்தது என்று வைத்துக்கொள்வோம். 15 ஆயிரம் பூட்டிய கணக்கில். மிச்சம் 85 ஆயிரத்தில் ஏஜென்ட்டுக்கு வழக்கமாக 10 ஆயிரம், அப்புறம் வரி, மேலாளர் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. எஞ்சியது சட்டப்படி குழந்தையுடையதுதான், ஆனால் கையாள்வது பெற்றோர், தினமும் கண்காணிக்க ஆள் கிடையாது. ஆக, இந்தச் சட்டம் முழுப் பணத்துக்குமான காவல் அல்ல. பெரியவனாகும்போது வெறுங்கையோடு நிற்காமல் இருக்க ஒரு குறைந்தபட்ச ஏற்பாடு.

ஜாக்கியின் மீதிக் காலம்

1941-ல் ராணுவத்தில் சேர்ந்தார். எஞ்சின் இல்லாத கிளைடர் விமானத்தின் ஓட்டியாகத் தானே முன்வந்தார். 1944 மார்ச்சில் அஸ்ஸாமின் லாலாகாட் தளத்திலிருந்து கிளைடர்கள் கிளம்பி, பர்மாவில் ஜப்பானியப் படைகளுக்குப் பின்னால், இரவில், காட்டு வெட்டவெளியில் பிரிட்டிஷ் படையினரை இறக்கின. அந்த விமானப் பிரிவில் ஜாக்கியும் இருந்தார்.

திரும்பி வந்தபின் சின்னச் சின்ன வேடங்கள். 1964 முதல் 1966 வரை 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' தொலைக்காட்சித் தொடரில் மொட்டைத் தலை அங்கிள் ஃபெஸ்டராக வந்து புதிய தலைமுறைக்கு அறிமுகமானார். பல்பை வாயில் வைத்து எரியவிடுகிற அந்த மனிதர்தான் சாப்ளினின் சிறுவன் என்று பல குழந்தைகளுக்குத் தெரியாது. 1984 மார்ச் 1 அன்று சான்டா மோனிகாவில் 69 வயதில் இறந்தார். திருத்திய சட்டத்தை அவர் பார்க்கவில்லை.

வீடியோவில் வரும் குழந்தைக்கு இது போதுமா?

இப்போது தொடக்கத்தில் சொன்ன செய்திக்கு வருவோம். கலிஃபோர்னியாவின் புதிய சட்டங்களில் ஒன்று, தாங்களே வீடியோ தயாரிக்கும் மைனர்களையும் 15 சதவீத விதிக்குள் கொண்டுவருகிறது. மற்றொன்று, இல்லினாய் சட்டத்தைப் போலவே, பெற்றோரின் வீடியோக்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல், சுமார் 30 சதவீதம், தோன்றும் குழந்தைக்குப் பங்கு ஒதுக்கச் சொல்கிறது.

படப்பிடிப்புத் தளத்தில் கம்பெனி ஒன்று, பெற்றோர் இன்னொன்று. கம்பெனி பணத்தை நேராகக் கணக்கில் போட்டுவிடும். குடும்ப வீடியோவில் அந்தப் பிரிவே இல்லை. படம் பிடிப்பவர், காசு வாங்குபவர், ஒதுக்க வேண்டியவர், குழந்தை எத்தனை சதவீதம் தோன்றியது என்று கணக்கு எழுதுபவர் எல்லாமே அப்பா அம்மாதான். 2000-ல் மூடிய வழி இங்கே மறுபடி திறந்திருக்கிறது. வேலை நேரம், படிப்பு, ஓய்வு பற்றிய சினிமாத்தள விதிகளும் வீட்டு வரவேற்பறைக்குள் வருவதில்லை.

பெற்றோர் ஒதுக்காவிட்டால் என்ன செய்வது? அந்தப் பிள்ளை பின்னாளில் தன் அப்பா அம்மா மீது வழக்குப் போடலாம் என்று சட்டம் வழிவிடுகிறது. 1938-ல் ஜாக்கியிடம் இல்லாத ஒன்று இந்தப் பிள்ளையிடம் இருக்கும்: பணம் தன்னுடையது என்று சொல்லும் சட்டப் பிரிவு. ஆனால் நீதிமன்றத்தில் எதிரே உட்காரப்போவது அதே ஆட்கள்தான்.